54 செவர்லேக்கு டிஸ்க் பிரேக் போடலாமா?

உவர்மலையான்:
அப்பப்பா ஓட்டிய 1954 செவர்லே பெல் ஏர் 15 வருடமாகக் கொட்டிலுக்குள் கிடந்தது, இப்போதுதான் திருத்தத் தொடங்கியிருக்கிறேன். தரைத் தகட்டைத் தட்டினால் கறள் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது, திருகோணமலைக் கடற்காற்று சும்மா விடுமா! 6 வோல்ட்டை 12 ஆக்கி, முன்சில்லுக்கு டிஸ்க் பிரேக்கும் ஏசியும் போட யோசனை. பழசைக் கெடுக்கிறேனா?

நிலாவெளி மெக்கானிக்:
தம்பி, முதலில் பிரேக். அதில் நாலு சில்லுக்கும் டிரம், பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரும் ஒற்றை வழி, ஒரு குழாய் வெடித்தால் நாலும் போச்சு. டிஸ்க்கோடு இரட்டை வழி சிலிண்டரும் போடுங்கள். 12 வோல்ட்டா? செவர்லே கார்களே 1955இல் அதற்கு மாறிவிட்டன, பிறகென்ன. பல்புகளை மறக்காமல் மாற்றுங்கள்.

பழசுப் பைத்தியம்:
எஞ்சினை மட்டும் கழற்றாதீர்கள் அண்ணா! அந்த 235 கன அங்குல ஆறு சிலிண்டர் ஐடிலில் நிற்கிற சத்தமே தனி. வி8 எஞ்சின் ஆசையில் கைவைத்தால், 54இல் பின்சில்லுகளைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட், பின் அச்சோடு பொருத்திய டார்க் டியூப் என்ற மூடிய குழாய்க்குள் ஓடுவதால் பின் அச்சு வரை வேலை இழுக்கும்.

உவர்மலையான்:
சரி, எஞ்சின் அப்படியே இருக்கட்டும். ஏசிக்கு டைனமோ தாங்குமா?

நிலாவெளி மெக்கானிக்:
தாங்காது, அதைவிடக் கூடுதல் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போடுங்கள். அப்புறம், தகடு வெல்டிங் முடிந்த அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள்.