1995 இறுதியாட்ட வீடியோ கசெட்: மேலதிக நேரத்தில் படம் நின்றுவிடுகிறது

வணக்கம். 1995-இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண உதைபந்தாட்ட இறுதியாட்டத்தை அப்பா டிவியிலிருந்து பதிந்து வைத்திருந்தார். கோல்டன் கோலால் (மேலதிக நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடியும் முறை) இலங்கை 1-0 என்று இந்தியாவை வென்ற ஆட்டம். அந்தத் தொடரில் இலங்கை வென்ற ஒரே கிண்ணம் அதுதான். இதைக் கைவிட மனமே வரவில்லை.

விஎச்எஸ் கசெட், இ-180 (180 நிமிட நாடா), PAL ஒளிபரப்பு முறை. வழக்கமான 90 நிமிடமும் படம் ஓரளவு தெளிவு. மேலதிக நேரம் தொடங்கியதும் அடியிலிருந்து வெள்ளைக் கோடுகள் ஏறுகின்றன, அப்புறம் கீச்சென்ற சத்தத்தோடு டெக் (கசெட் ஓட்டும் கருவி) தானாக நின்றுவிடுகிறது. நாடாச் சுருளின் ஓரத்தில் பூஞ்சணம் போல வெண்பொடி. போன மழைக்காலத்துக்கு முன் இது இல்லை.

டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தேன், படத்தைச் சீராக்கும் ட்ராக்கிங்கை மாற்றினேன், முழுக்க ஓட்டித் திரும்பச் சுற்றியும் பார்த்தேன். நண்பரின் டெக்கிலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. வீடியோ கடையில் அந்தத் துண்டை வெட்டி ஒட்டலாம் என்றார்கள். வெட்டினால் போவது அந்தக் கோல்தான். நாடா அறுந்துவிடுமோ என்று இப்போது ஓட்டுவதையே நிறுத்திவிட்டேன்.

நாடாவை வெட்டாமல் பூஞ்சணத்தை எடுத்து, டிஜிட்டலுக்கு மாற்றித் தரக்கூடியவர் கொழும்பில் யாராவது இருக்கிறார்களா?