ரிடண்டன்சி எஃபெக்ட் – தமிழில் என்ன? வெள்ளி மாலைக்குள் வேண்டும்

கா.வ., சென்னை – திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம்.

பள்ளி ஆசிரியர்கள் தாங்களே கணினிப் பாடம் தயாரிப்பது பற்றிய பயிற்சித் தொகுப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 12 காணொளிகள், 11 முடிந்தன. ஒன்பதாவது மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

அதில் வரும் 'ரிடண்டன்சி எஃபெக்ட்' இதுதான். திரையில் படம் ஓடுகிறது, ஒரு குரல் அதை விளக்குகிறது. குரல் சொல்லும் அதே வாக்கியங்களைப் படத்துக்குக் கீழே எழுத்திலும் போட்டால் இன்னும் நன்றாகப் புரியும் என்றுதானே நினைப்போம்? புரிதல் குறைகிறது. கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் உடன் ஆய்ந்தவர்களும் 2001-இல் மின்னல் எப்படி உண்டாகிறது என்று விளக்கும் அசைபடத்தை வைத்துச் சோதித்தார்கள். எழுத்தும் சேர்த்துப் பார்த்தவர்கள் பின்தங்கினார்கள். படத்தைப் பார்க்கவும் எழுத்தைப் படிக்கவும் இருப்பது அதே கண். போதாததற்கு, படித்ததும் கேட்டதும் ஒன்றுதானா என்று மனம் ஒத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இப்போதைக்கு 'மிகைமை விளைவு' என்று போட்டிருக்கிறேன். வெள்ளி மாலை ஐந்து மணிக்கு ஒலிப்பதிவு. குரல் கொடுப்பவர் வாயில் நுழைகிற சொல்லாக வேண்டும்.

---

ம.செ., பெங்களூரு – திங்கள் காலை

> இப்போதைக்கு 'மிகைமை விளைவு' என்று

வேண்டாம் அக்கா. எங்கள் துறையில் மிகைமை நல்ல பிள்ளை. ஒரு சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை போடுவோம், ஒன்று போனால் மற்றது தாங்கும். அதைத்தான் மிகைமை என்று எழுதிவருகிறோம். உங்கள் காணொளியில் அதே சொல் வில்லனாக வந்தால் கணினி ஆசிரியர்தான் முதலில் குழம்புவார்.

'இரட்டுறல்' எப்படி? ஒரே செய்தி இரட்டையாக வருகிறது அல்லவா.

---

புலவர், தஞ்சாவூர் – திங்கள் மதியம்

தம்பி, இரட்டுற மொழிதல் என்பது சிலேடை. ஒரு சொல்லில் இரு பொருள். இங்கே நடப்பது ஒரு பொருள் இரு வடிவில். நேர் எதிர். காளமேகத்தை விட்டுவிடுங்கள், பாவம்.

இதற்குச் சொல் தேடி அலைவானேன்? பவணந்தியார் நன்னூலில் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நூலுக்குரிய பத்துக் குற்றங்கள்: 'குன்றக் கூறல் மிகைபடக் கூறல் கூறியது கூறல் மாறுகொளக் கூறல்...' மூன்றாவது உங்களுடையது. கூறியது கூறல். முடிந்தது.

அதே பட்டியலில் 'மற்றொன்று விரித்தல்' இருக்கிறது. பாடத்துக்குச் சம்பந்தமில்லாத வேடிக்கைப் படம், பின்னணி இசை, ஓரத்தில் ஆடும் பொம்மை எல்லாம் அதில் அடங்கும். 'மயங்க வைத்தல்' இருக்கிறது. மேயர் சொல்வதில் பாதியை ஓலைச்சுவடியிலேயே படித்துவிட்டோம்.

---

ஈ.த., யாழ்ப்பாணம் – திங்கள் இரவு

அன்பின் புலவர் ஐயா,

நன்னூலிலே எல்லாம் இருக்கிறது என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். வழக்கமாக மூன்றாம் நாள்தான் வருவோம்.

கூறியது கூறல் என்பது ஒருமுறை சொன்னதைப் பிறகு மறுபடி சொல்வது. அது காலத்திலே பின்னால் வருகிறது. இங்கே பிரச்சினை ஒரே கணத்தில் காதுக்கும் கண்ணுக்கும் ஒன்றே போவது. குரல் முடிந்த பிறகு அந்த எழுத்தைக் காட்டினால் மாணவருக்கு அது திருப்பிப் படித்தல், நன்மைதான். உங்கள் சொல்லை வைத்தால் ஆசிரியர்கள் மீள்பார்வையையும் குற்றம் என்று நிறுத்திவிடுவார்கள்.

அதோடு 'கூறியது கூறினும் குற்றமில்லை, வேறொரு பொருளை விளைக்குமாயின்' என்று உரைகளிலே மேற்கோள் வருமே, அதை ஏன் மறைத்தீர்கள்?

---

புலவர், தஞ்சாவூர் – செவ்வாய் அதிகாலை

மறைக்கவில்லை. கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

ஒரே பொருளை அடுத்தடுத்துச் சொல்வதைத் தமிழ் எப்போதும் வெறுத்ததில்லை. 'ஒருபொருள் இருசொல் பிரிவில வரையார்' என்கிறார் தொல்காப்பியர். வரையார் என்றால் விலக்கமாட்டார். நன்னூலார் 'ஒருபொருட் பன்மொழி சிறப்பினின் வழாஅ' என்கிறார். உயர்ந்தோங்கிய, மீமிசை, நடுமையம், எல்லாம் அந்தக் கணக்கு. பாம்பைக் கண்டால் 'பாம்பு பாம்பு' என்று அடுக்குகிறோம். அதற்கு மூன்று வரை அனுமதியும் கொடுத்திருக்கிறார்.

---

ம.செ., பெங்களூரு – செவ்வாய் காலை

நடு சென்டர், கேட்டு வாசல் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. எங்கள் ஆத்தா 'நைட்டு ராத்திரி' என்பார்.

---

கா.வ., சென்னை – செவ்வாய் காலை

ஒன்பது பேர் பதினான்கு மடல் எழுதியிருக்கிறீர்கள், அதில் ஐந்து நடு சென்டர் பற்றியவை. வெள்ளிக்கிழமை நகராது.

---

இ.பா., திருநெல்வேலி – செவ்வாய் இரவு

நான் பெரும்பாலும் படிப்பதோடு சரி. இது என் வகுப்பு விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

போன வருஷம் ஏழாம் வகுப்புக்குச் செரிமானப் பாடம். நானே செய்தது. வாய், உணவுக்குழாய், இரைப்பை என்று வண்ணத்தில் படம். கவளம் இறங்கும்போது உணவுக்குழாய்ச் சுவர் சுருங்கி விரிவது தெரிய வேண்டும் என்று இரண்டு ஞாயிறு செலவழித்தேன். கீழே மூன்று வரி எழுத்து. என் குரலில் அதே மூன்று வரி.

ஓடவிட்டேன். பிள்ளைகள் ராகம் போட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எழுத்தைக் கண்டால் சேர்ந்து வாசிப்பது பழக்கம். வேகமான பிள்ளைகள் என் குரலை முந்திப் போய் வரிக் கடைசியில் நின்று காத்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தி காற்றில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தாள், அவள் முதல் வரியைத் தாண்டவே இல்லை. முடிந்ததும் 'கவளம் எப்படி இறங்கிச்சு?' என்றேன். 'கீழே விழுந்துச்சு சார்' என்றான் ஒருவன். வகுப்பே ஆமாம் என்றது. சுருங்கி விரிந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை.

மறுநாள் அடுத்த பிரிவுக்கு அதே பாடம். டிவியின் அடிப்பகுதியில் சார்ட் தாளை வெட்டி செலோடேப் போட்டு ஒட்டிவிட்டு ஓட்டினேன். வகுப்பு அமைதியாக இருந்தது, எனக்கே சந்தேகமாகிவிட்டது. முடிந்ததும் ஒரு பையன் முழங்கைச் சட்டையைச் சுருட்டிச் சுருட்டி இறக்கி, 'இப்படித்தானே சார்' என்றான்.

இதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே உங்கள் மடலைப் பார்த்துத்தான் தெரியும். நாங்கள் ஆசிரியர் அறையில் 'ரெட்டை வாசிப்பு' என்று சொல்லிக்கொண்டோம்.

---

ல.சு., சிங்கப்பூர் – புதன் காலை

வாத்தியாரய்யா, சட்டைக் கையைக் கண் முன் பார்த்துவிட்டேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் ஆங்கிலம்தான், தமிழ் வகுப்பில் மட்டும். அவர்களுக்குக் குரலோடு எழுத்தும் வேண்டும். 'இரைப்பை' என்று காதில் விழுவதை 'இறைப்பை' என்று எழுதுவார்கள். மொழி புதிதாக இருந்தாலும் கலைச்சொல் கடினமாக இருந்தாலும் எழுத்து உதவலாம் என்று மேயரும் விலக்குத் தருகிறார். படத்தின் அந்தந்தப் பாகத்தின் அருகே இரண்டு மூன்று சொல் மட்டும் போட்டால் நினைவில் நிற்கிறது என்றும் 2008-இல் ஒரு சோதனை வந்தது. ஆகவே சொல்லிலேயே 'குற்றம்', 'வீண்', 'தேவையற்ற' என்று தீர்ப்பு எழுத வேண்டாம். நடப்பதை மட்டும் சொல்லும் சொல்லாகப் பாருங்கள்.

---

ம.செ., பெங்களூரு – புதன் மதியம்

அப்படியானால் புலவர் ஐயாவின் 'ஒரு பொருள் இரு வடிவ'த்தையே எடுத்துக்கொள்ளலாமே. காது ஒரு வழி, கண் ஒரு வழி. 'இருவழிக் கூற்று விளைவு'.

---

ஈ.த., யாழ்ப்பாணம் – புதன் இரவு

இருவழி என்றால் போய்வரும் பாதை, இருவழித் தொடர்பாடல். மாணவர் பதில் சொல்கிறார் என்று நினைப்பார்கள். கூற்று என்றால் எனக்கு யமன். 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்று சிறுவயதிலே மனப்பாடம் செய்தவனுக்கு வேறென்ன வரும்? அதுவும் அப்பர் 'குடரோடு துடக்கி முடக்கியிட' என்று வயிற்று வலிக்குப் பாடியது. செரிமானப் பாடத்துக்கு வேண்டுமானால் பொருந்தும்.

என் வாக்கு 'உடன்மிகை'க்கு. உடன் நிகழ்கிறது, மிகையாகிறது. எழுவாய், பயனிலை, கூற்று என்று இலக்கணம் படித்தவர் மட்டுமா பார்க்கப் போகிறார்?

---

புலவர், தஞ்சாவூர் – வியாழன் அதிகாலை

உடன்மிகை செவிக்கு நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். விளக்காமல் விளங்காது. கூறியது கூறல் விளக்காமலே தமிழாசிரியருக்கு விளங்கும்.

---

இ.பா., திருநெல்வேலி – வியாழன் காலை

கணக்கு ஆசிரியருக்கு, ஐயா?

---

புலவர், தஞ்சாவூர் – வியாழன் காலை

அவரும் பத்தாம் வகுப்பில் தமிழ் படித்தவர்தானே.

---

ம.செ., பெங்களூரு – வியாழன் மதியம்

கலைச்சொல்லே மண்டைக்குச் சுமையாகிவிட்டது என்ற பகடியை இன்னும் யாரும் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

---

கா.வ., சென்னை – வெள்ளி மதியம்

எண்ணிப் பார்த்தேன். இருவழிக் கூற்றுக்கு ஐந்து, கூறியது கூறலுக்கு மூன்று, உடன்மிகைக்கு இரண்டு, ரெட்டை வாசிப்புக்கு ஒன்று. அந்த ஒன்று என்னுடையது. ஆனால் வாசிப்பவர் இல்லாமல் எழுத்து மட்டும் திரையில் கிடந்தாலும் விளைவு அதேதானே என்று என் மேற்பார்வையாளர் கேட்டார். பதில் இல்லை.

எனவே அதிக வாக்கு வாங்கியதைப் போட்டுவிட்டேன். சிங்கப்பூர் அம்மா சொன்ன விலக்கை ஒரு வாக்கியமாகச் சேர்த்திருக்கிறேன். வாத்தியாரய்யாவின் சார்ட் தாளை அவர் அனுமதியோடு எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன்.

திரையில் வரும் வரி: 'இருவழி கூற்று விளைவு: படமும் குரலும் இருக்கும்போது அதே சொற்களை எழுத்திலும் ஓடவிடாதீர்கள்.' அதைக் குரலும் அப்படியே படிக்கிறது. மூலத்திலேயே அப்படித்தான் இருக்கிறது, என்னை அடிக்காதீர்கள்.

---

ஈ.த., யாழ்ப்பாணம் – வெள்ளி மாலை

தோல்வியை ஏற்றுக்கொள்கிறேன், சொல்லை அல்ல. எங்கள் பயிலரங்குக்கு உடன்மிகை என்றே எழுதுவேன்.

---

புலவர், தஞ்சாவூர் – வெள்ளி மாலை

அம்மா, 'இருவழி கூற்று' என்று இருக்கிறது. 'க்' எங்கே?

---

கா.வ., சென்னை – வெள்ளி இரவு

கோப்பு ஐந்து மணிக்கே போய்விட்டது ஐயா. 'க்' போகவில்லை.