கைத்துப்பாக்கியில் காட்டுப்பன்றி வேட்டை: எந்தக் குண்டு எதற்கு? (அனுபவப் பகிர்வு)

செந்தூல்காரன்

வணக்கம். அமெரிக்காவில் ரிவால்வரை வைத்தே காட்டுப்பன்றி சுடுகிறார்களாமே, அது விழுமா என்று இங்கே மலேசியாவில் செனாப்பாங் (சன்னம் சுடும் நீளத் துப்பாக்கி) வைத்திருக்கிற அண்ணன்மார் அடிக்கடி கேட்கிறார்கள். விழும். ஆனால் உள்ளே போட்ட குண்டு எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டெக்சாஸில் இருக்கும் அத்தானோடு ஒரு பண்ணைக்குப் போனபோது பார்த்ததை எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

முதலில் சட்டம். நம் ஊரில் வேட்டை என்றால் செனாப்பாங் பாத்தாதான், அதாவது நடுவில் மடித்துத் தோட்டா போடுகிற வகை. துப்பாக்கிக்குப் போலீஸ் லைசென்ஸ், பன்றிக்குப் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) லைசென்ஸ். டெக்சாஸில் 2019 செப்டம்பரிலிருந்து, தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதி இருந்தால் காட்டுப்பன்றிக்கு வேட்டை லைசென்ஸ் வேண்டாம். இதைக் கேட்டுவிட்டு நம்மாட்கள் அப்படியே கிளம்பிவிடக் கூடாது. விசாவில் போகிற வெளிநாட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அந்த நாட்டுக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால்தான் விலக்கு. அதனால் பன்றிக்குத் தேவையில்லை என்றாலும் நமக்குத் தேவை. நான் அதை வாங்கிய பிறகுதான் அத்தான் துப்பாக்கியை என் கையில் கொடுத்தார்.

அவரிடம் இருப்பது ரூகர் சூப்பர் பிளாக்ஹாக் ரிவால்வர், 44 மேக்னம் என்ற தோட்டா வகைக்குச் செய்தது. மேசையில் மூன்று வகைத் தோட்டாக்களை வரிசையாக வைத்தார். 180 கிரெயின் ஹாலோ பாயிண்ட், 240 கிரெயின் ஹாலோ பாயிண்ட், 300 கிரெயின் ஹார்ட் காஸ்ட். கிரெயின் என்பது குண்டின் எடை அளவு. ஹாலோ பாயிண்ட் என்றால் மூக்கில் குழி உள்ள குண்டு. கடைசியில் சொன்னது கெட்டியான ஈயக் கலவையில் வார்த்தது, மூக்கு அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும். "இதில் முதலாவது இங்கே வேலைக்காகாது, மனிதன் தாக்க வந்தால் தற்காப்புக்கென்று செய்தது" என்று சொல்லி எடுத்து வைத்துவிட்டார்.

ஏன் என்று கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் எனக்கு இன்றுவரை சரியாகவே படுகிறது. ரைஃபிள் குண்டு விநாடிக்கு 2,500 அடிக்கு மேல் பாய்கிறது. அந்த வேகத்தில் சுற்றியிருக்கும் சதையையும் கிழித்துவிடும். 44 மேக்னத்தின் 240 கிரெயின் குண்டு, அதாவது சுமார் பதினைந்தரை கிராம், ஏறக்குறைய 1,350 அடி வேகத்தில்தான் போகிறது. இந்த வேகத்தில் சுற்றுச்சதை விரிந்து மீண்டும் மூடிக்கொள்ளும். குண்டு நேரடியாகப் போட்ட ஓட்டை மட்டும்தான் மிச்சம். அதனால் அந்த ஓட்டை எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்பதுதான் கேள்வி. தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் ஆற்றல் கணக்கைப் பார்த்து வாங்குவதில் பயனில்லை.

ஹாலோ பாயிண்ட் உள்ளே போனதும் குடை மாதிரி விரியும். ஓட்டை அகலமாகும், ஆனால் விரிந்த குண்டு சீக்கிரம் நின்றுவிடும். ஹார்ட் காஸ்ட் விரியாது. தட்டை மூக்கு தன் அகலத்துக்கு வெட்டிக்கொண்டு நேராகப் போகும். எல்மர் கீத் என்ற வேட்டைக்காரர் 44 ஸ்பெஷல் என்ற பழைய தோட்டா வகையில் கனமான தட்டை மூக்குக் குண்டுகளைப் போட்டுப் பல ஆண்டுகள் சுட்டுப் பார்த்து வற்புறுத்தியதால்தான் 1955-56இல் 44 மேக்னமே வந்தது. பழைய யோசனைதான். இன்றும் நிற்கிறது.

நான் சுட்டது நடுத்தரப் பெட்டைப் பன்றி. நாற்பது மீட்டருக்குள், பக்கவாட்டில் அசையாமல் நின்றது. போட்டது 240 ஹாலோ பாயிண்ட். கொஞ்ச தூரம் ஓடி விழுந்தது. வெட்டிப் பார்த்தபோது குண்டு மறுபக்கத் தோலுக்கு அடியில், காளான் வடிவில் இருந்தது. அந்தக் கோணத்துக்கும் அந்த உடம்புக்கும் அது போதும்.

அடுத்த நாள் மாலையில் வேறொரு விருந்தாளி பெரிய கிடாவைச் சுட்டார். சாய்வாக, நம்மைப் பார்த்த மாதிரி நின்ற பன்றி. அவர் கொண்டுவந்தது 180 கிரெயின் வகை. ஆண் பன்றிக்குத் தோளில் கவசம் மாதிரி கெட்டியான தோல் இருக்கும், சண்டை போட்டுப் போட்டு இன்னும் தடித்துப் போகும். குண்டு அங்கேயே நின்றுவிட்டது. இரத்தமே தரையில் சொட்டவில்லை. நாயை வைத்துத் தேடி, நள்ளிரவுக்குப் பக்கத்தில்தான் அதன் வேதனையை முடிக்க முடிந்தது. இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். சுடுகிறவனுக்கு அது ஒரு கதை, அந்த மிருகத்துக்கு அத்தனை மணி நேரம். அத்தான் அதே அளவுக் கிடா ஒன்றை 300 ஹார்ட் காஸ்டில் சுட்டபோது இரண்டு தோளையும் துளைத்து வெளியே போனது. இரண்டு பக்கமும் இரத்தம். தேடவே வேண்டியதில்லை.

புக்கிட் மெர்தாஜாம் தம்பி

அண்ணே, நான் கெடா பக்கம் செம்பனைத் தோட்டங்களில் செனாப்பாங்கில் சுடுகிறவன். இளங்கன்றுகளின் குருத்தைத் தின்றுவிடுகிறது என்று தோட்டத்துக்காரர்கள் கூப்பிடுவார்கள். நீங்கள் சொல்வதை நாங்கள் எஸ்ஜியில் (பெரிய சன்னங்கள் பல அடங்கிய தோட்டாவில்) பார்க்கிறோம். சன்னங்கள் பக்கத்தில் சேர்ந்து போய் அடிக்கும், நன்றாக விழும். தூரம் கூடினால் பரவிவிடும், ஒவ்வொரு சன்னமும் தனித்தனியாக லேசு. பெரிய கிடாவின் தோளில் தோலுக்கடியிலேயே நின்ற சன்னங்களைச் சமைக்கும்போது எடுத்திருக்கிறோம். ஸ்லக் என்றால் கதை வேறு. 12 போரில் 28 கிராம் ஒரே கட்டி, உங்கள் கணக்கில் 437 கிரெயின். அப்படிப் பார்த்தால் 500 மேக்னம் ரிவால்வர் நம் ஸ்லக்குக்குப் பக்கத்தில் வருகிறதே, அதையே வாங்கிவிடலாமே?

பெட்டாலிங் ஜெயா டு ஹூஸ்டன்

தம்பி, நான் 454 கசூல் ரிவால்வர் வைத்திருக்கிறேன், 500ஐயும் சுட்டிருக்கிறேன். 500 என்பது ஸ்மித் அண்ட் வெசன் 2003இல் கொண்டுவந்தது. நீளக் குழாய் உள்ளது சுமார் இரண்டு கிலோ. சக்தியில் குறையே இல்லை. ஆனால் அடுத்த குண்டைச் சரியான இடத்தில் வைக்க உங்கள் கை தாங்க வேண்டும். உதைப்புக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கிறவனுக்கு எந்தக் குண்டும் உதவாது.

இன்னொன்று, யாரும் சொல்லித் தராதது. இவ்வளவு உதைப்பில், சுடாமல் சிலிண்டரில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டு கேஸிலிருந்து (தோட்டாவின் உலோகக் கூட்டிலிருந்து) முன்னால் நழுவி வரும். வாய்ப்பக்கம் சரியாக இறுக்கியிருக்காவிட்டால் வெளியே துருத்திச் சிலிண்டரே சுழலாமல் நின்றுவிடும். பன்றி எதிரே நிற்கும்போது அப்படி ஆனால்? புதுத் தோட்டா வாங்கினால் நான் ரேஞ்சில் சிலிண்டரை நிரப்பி, கடைசி ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைச் சுடுவேன். அந்தக் கடைசித் தோட்டாவின் நீளத்தை முன்னும் பின்னும் கேலிப்பரில் அளப்பேன். நீண்டிருந்தால் அந்தப் பெட்டி வேட்டைக்கு வராது.

அப்புறம், 454க்கும் அதே மாதிரி வேகமான 460க்கும் ஹாலோ பாயிண்ட் போடுகிறவர்கள் தடித்த உறை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 45 கோல்ட் என்ற மெதுவான தோட்டாவின் வேகத்துக்குச் செய்த குண்டை 454 வேகத்தில் அடித்தால் விரியாது, சிதறும். பயிற்சிக்கு 45 கோல்ட் தோட்டாவையே 454இல் போட்டுச் சுடலாம், கையும் பணமும் தப்பும். சிலிண்டர் துளையில் படியும் கரியை மட்டும் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா

நான் சுடுகிறவள் இல்லை, வீட்டில் சமைக்கிறவள். ஈயத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? குண்டு போன வழியைச் சுற்றிக் கைப்பிடி அகலத்துக்கு இறைச்சியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் நான் பிள்ளைகளுக்குச் சமைப்பேன். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. செம்பில் செய்த குண்டு ஒத்துவராதா?

செந்தூல்காரன்

அக்கா, ஒத்துவரும். முழுச் செம்புக் குண்டு சிதறாது, எடையை இழக்காமல் ஆழமாகப் போகும். செம்பு ஈயத்தைவிட லேசு, அதனால் ஒரே எடைக்குக் குண்டு நீளமாகிக் கேஸுக்குள் இடத்தைப் பிடிக்கும். அதனால் கொஞ்சம் குறைந்த எடையில் வாங்க வேண்டியிருக்கும். விலையும் அதிகம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த விலையைக் கொடுக்கலாம் என்பதுதான் என் கருத்து.

தம்பி, 500 வேண்டாம். பன்றிக்கு 44ஏ தாராளம். ஆனால் ஹார்ட் காஸ்ட் போட்டால் ஒன்றை மறக்காதே: அது பன்றிக்குள் நிற்காது. பின்னால் இன்னொரு பன்றி, மாடு, வேலிக்கு அப்பால் வீடு எது இருந்தாலும் அத்தான் விசையைத் தொட மாட்டார். கூட்டமாக மேய்ந்தால் ஹாலோ பாயிண்டுக்கு மாறிவிடுவார், அதுவும் பக்கவாட்டில் நிற்பதை மட்டும்தான் சுடுவார்.

திரும்பி வருகிறவர்கள் பையின் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து உதறிப் பாருங்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் குற்றம்தான், கேஎல்ஐஏ விமான நிலையத்தில் யாரும் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். வேட்டைக்குக் கொண்டுபோன பையை விட்டுவிட்டு வேறு பையில் துணியைக் கட்டிக்கொண்டு வருவது இன்னும் நல்லது.