ஸ்வீடன் வந்திருக்கிறோம், பிள்ளைக்குத் தமிழ் எடுக்கலாமா?

கேள்வி: கோடையில் சென்னையிலிருந்து ஸ்டாக்ஹோம் வந்தோம். கணவருக்கு ஷிஸ்தாவில் வேலை. மகள் முதல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். தாய்மொழி வகுப்பு வேண்டுமா என்று கம்யூனில், அதாவது உள்ளாட்சி நிர்வாகத்தில், கேட்டிருக்கிறார்கள். "முதலில் ஸ்வீடிஷ் பிடிபடட்டும், வீட்டில் ஆங்கிலம் பேசுவோம், தமிழை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் கணவர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்களாக இருந்தால் எடுப்பீர்களா?

பதில்: எடுப்பேன். விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

உங்கள் கணவரின் கவலை நியாயமானது. இங்கே வரும் எல்லாத் தமிழ் வீடுகளிலும் முதல் வருடம் இதே பேச்சுதான். ஆனால் அவர் போடும் வரிசைதான் சரியில்லை. ஸ்வீடிஷ் உங்கள் மகளுக்குப் பள்ளியில் வரும், விளையாட்டு மைதானத்தில் வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு வரும். நீங்கள் தடுத்தாலும் வரும். ஆங்கிலமும் அப்படித்தான். இங்கே முதல் மூன்று வகுப்புகளுக்குள் எல்லாப் பள்ளியிலும் ஆங்கிலம் தொடங்கிவிடுகிறது. சின்னக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளை விட்டால், வெளிநாட்டுப் படங்களுக்கும் தொடர்களுக்கும் இங்கே குரல் மாற்றுவதில்லை, கீழே எழுத்து மட்டும் ஓடும். அதனால் ஆங்கிலம் எந்நேரமும் பிள்ளைகள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நடுநிலைப் பள்ளி வயதில் ஸ்வீடிஷ் பிள்ளைகள் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டால் உங்கள் கணவரின் பயம் போய்விடும். இந்த மூன்றில் உங்கள் இருவரிடமிருந்து மட்டுமே அவளுக்குக் கிடைக்கக்கூடியது தமிழ் ஒன்றுதான். அதை விட்டுவிட்டு, வெளியே தாராளமாகக் கிடைக்கும் ஆங்கிலத்தை எதற்கு வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்?

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரிவதில்லை. இங்கே தாய்மொழி வகுப்பு என்பது, மூடர்ஸ்மோல் என்று சொல்வார்கள், 1977-ல் வந்த சீர்திருத்தத்திலிருந்து தொடர்ந்து நடக்கிறது. கட்டணம் கிடையாது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. பெற்றோரில் ஒருவருக்காவது நீங்கள் கேட்கும் மொழி தாய்மொழியாக இருக்க வேண்டும், பிள்ளை வீட்டில் அன்றாடம் பேசும் மொழியாக இருக்க வேண்டும், பிள்ளைக்கு அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்று இரண்டு மூன்று வருடம் வீட்டில் ஆங்கிலம் பேசினால், அந்த அப்புறம் வரும்போது வகுப்பில் சேரும் தகுதியே கையில் இருக்காது. தள்ளிப்போடுவது, தமிழ் வேண்டாம் என்று முடிவெடுப்பதற்குச் சமம். ஏழு வயதில் சரளமாகத் தமிழ் பேசி வந்த பிள்ளை, ஒன்பது வயதில் தமிழில் கேட்டதற்கெல்லாம் ஸ்வீடிஷில் பதில் சொல்வதை இங்கே எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவ்வளவு சீக்கிரம் போய்விடுகிறது.

வகுப்பு நடத்த ஒரு கம்யூனில் குறைந்தது ஐந்து பிள்ளைகள் கேட்க வேண்டும், தகுதியான ஆசிரியரும் கிடைக்க வேண்டும். ஆகவே நீங்கள் விண்ணப்பிப்பது உங்கள் மகளுக்காக மட்டும் இல்லை. நாலு குடும்பம் கேட்டுக் காத்திருக்கும் ஊரில் நீங்கள் ஐந்தாவதாக இருக்கலாம். இதை நினைத்தாவது அனுப்புங்கள்.

அதே சமயம், அந்த வகுப்பு மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வாரம் ஒரு முறை, பெரும்பாலும் பள்ளி முடிந்த பிறகு, பிள்ளை களைத்திருக்கும் நேரத்தில் நடப்பது. பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள். எழுத்தும் வாசிப்பும் ஓரளவு வரும். பேச்சு உங்கள் சாப்பாட்டு மேசையில்தான் வளர வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து மற்ற பாடங்களைப் போல இதற்கும் மதிப்பெண் தருகிறார்கள், மேல்நிலைப் பள்ளிச் சேர்க்கைக் கணக்கில் அது கைகொடுக்கலாம்.

படிப்பு கெட்டுவிடுமோ என்ற பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஸ்வீடனின் பள்ளிக் கல்வி முகமை 2008-ல் வெளியிட்ட அறிக்கையில், தாய்மொழி வகுப்புக்குப் போன பிள்ளைகளின் மதிப்பெண்கள் நன்றாகவே இருந்தன. பிள்ளையை அந்த வகுப்புக்கு அனுப்பும் குடும்பங்கள் பொதுவாகவே படிப்பில் அக்கறை உள்ளவையாக இருக்கலாம். அதனால் எல்லாப் பெருமையையும் அந்த வகுப்புக்கே கொடுக்க மாட்டேன். ஆனால் தாய்மொழி படித்ததால் பிள்ளை பின்தங்கியது என்று அதை வைத்து யாரும் சொல்ல முடியாது.

"தமிழ் படித்து என்ன பயன்?" என்பதுதான் இதற்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி. வேலைக்கு என்று பார்த்தால் ஜெர்மனோ ஸ்பானிஷோ முன்னால் நிற்கும், அதை மறுக்க மாட்டேன். இதே கணக்கைப் போட்டுத்தான் நம் ஊரில் எத்தனையோ பேர் பிளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுத்தார்கள், மதிப்பெண் வரும் என்று. அந்தப் பிரெஞ்சு இப்போது எத்தனை பேருக்கு வருகிறது? ஒரு மொழி தங்குவதற்கு அதில் பேச ஆள் வேண்டும். உங்கள் மகளுக்குத் தமிழில் ஆள் இருக்கிறார்கள். பாட்டி, தாத்தா, மாமா, சித்தி, எல்லாவற்றுக்கும் மேல் நீங்கள். பாட்டிக்கு ஸ்வீடிஷ் தெரியாது, ஆங்கிலத்தில் நாலு வார்த்தைதான் என்றால், தமிழ் போன வீட்டில் வீடியோ அழைப்பு "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதோடு முடிந்துவிடும். அவள் பதினைந்து வயதில் எதற்காகவோ அழுதுகொண்டு வந்து உட்காரும்போது, உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் நீங்கள் ஆறுதல் சொல்ல முடிய வேண்டும். எனக்கு இதுதான் காரணம். இலக்கியப் பெருமை எல்லாம் பிறகு அவளே தேடிக்கொள்ளட்டும்.

திரும்பிப் போகும் எண்ணம் இருந்தால் இன்னும் அவசரம். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். எழுத்தே தெரியாத பிள்ளையை நேராக ஐந்தாம் ஆறாம் வகுப்பில் உட்கார வைத்தால் அது படும் பாடு கொஞ்சமல்ல.

கேள்வி: நான் டெல்லியில் வளர்ந்தவன். தமிழ் பேசுவேன், படிக்கத் தெரியாது. நானே அரைகுறை, மகனுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

பதில்: நீங்களும் அவனோடு சேர்ந்து படியுங்கள். உங்களுக்குப் பேச்சு இருக்கிறது, கடினமான பாதி ஏற்கெனவே முடிந்துவிட்டது. 247 எழுத்து என்ற எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டாம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், அப்புறம் கால், கொம்பு போன்ற குறிகள். 216 உயிர்மெய்யும் இவற்றின் சேர்க்கைதான். அ, ஆ என்று தொடங்காமல் ட, ப, ம என்று எளிய கோடுகளால் ஆன எழுத்துகளில் தொடங்கினால், முதல் வாரத்திலேயே படம், பட்டம், மடம் என்று வாசித்துவிடலாம். வாசித்ததும் பொருள் புரியும், அந்த மகிழ்ச்சி பெரியவர்களுக்கும் வேண்டும்.

புத்தகத் தமிழ் பேச்சிலிருந்து விலகி நிற்பதுதான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு உண்மையான தடை. வீட்டில் "போறேன்" என்று கேட்டவன் புத்தகத்தில் "செல்கிறேன்" என்று பார்த்ததும் இது வேறு மொழி என்று நினைக்கிறான். எனவே முதல் சில மாதம் வீட்டில் பேசுவதையே எழுதச் சொல்லுங்கள். "பாட்டி நாளைக்கு போன் பண்ணு" என்று அவன் கையால் எழுதி, படம் எடுத்துப் பாட்டிக்கு அனுப்பட்டும். இலக்கணத்தைப் பிறகு பார்க்கலாம். சிங்கப்பூரிலேயே, தமிழ் ஆட்சிமொழியாக இருந்தும், பள்ளிகளில் பேச்சுத் தமிழுக்குத் தனியாக இடம் கொடுத்திருக்கிறார்கள்.

வாசிக்க, பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் தமிழில் நிலை வாரியாக இலவசமாக இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் மழலைக் கல்விப் பாடங்கள் உண்டு. உங்கள் ஊர் நூலகத்திலும் கேளுங்கள். ஸ்வீடிஷ் தாய்மொழியாக இல்லாதவர்களுக்குத் தனிக் கவனம் தர வேண்டும் என்று இங்கே நூலகச் சட்டமே சொல்கிறது. தயங்காமல் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள்.

கேள்வி: எங்கள் கம்யூனில் ஆசிரியர் இலங்கைத் தமிழர். பிள்ளை "கதைக்கிறேன்" என்று பேச ஆரம்பித்துவிட்டாள். குழப்பமாகாதா?

பதில்: ஆகாது. மதுரைத் தாத்தாவும் கோவைப் பாட்டியும் இருக்கும் வீட்டில் பிள்ளைகள் குழம்புவதில்லையே. 1980களில் போரால் வந்த ஈழத்தமிழர்கள்தான் இந்த நாடுகளில் வார இறுதித் தமிழ் வகுப்புகளை வேரூன்ற வைத்தவர்கள். நாம் ஐடி வேலைக்கு வந்து இறங்கியபோது ஆசிரியரும் வகுப்பும் ஏற்கெனவே இருந்ததற்கு அவர்கள் உழைப்பு பெரிய காரணம். அந்தத் தமிழும் அவளுக்குக் கிடைப்பது கூடுதல் லாபம்.

கேள்வி: நான் தமிழ், கணவர் தெலுங்கு. இரண்டையும் எடுக்கலாமா?

பதில்: பள்ளியில் ஒரு மொழிக்குத்தான் வகுப்பு தருவார்கள். வீட்டில் இருவரும் அவரவர் மொழியில் பேசுங்கள். எந்த மொழிக்கு உங்கள் ஊரில் ஆசிரியர் இருக்கிறாரோ அதைப் பள்ளியில் எடுங்கள், மற்றதற்கு நீங்களே வாரத்தில் ஒரு மாலை ஒதுக்குங்கள். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி கம்யூனுக்குக் கம்யூன் மாறும். தேதி போய்விட்டால் தாய்மொழிப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டு, அடுத்த பருவத்தில் சேர முடியுமா என்று கேளுங்கள்.