புது கம்ப்யூட்டர்: பிராசஸர் 95 டிகிரி காட்டுது, நடுவுல ப்ளூ ஸ்கிரீனும் வருது. காரணம் சூடு தானா?

காட்பாடி எடிட்டர்:
எல்லாருக்கும் வணக்கம். காட்பாடியில கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். பழைய மெஷின் 4கே ஃபுட்டேஜுக்குத் தாங்கலன்னு புதுசா ஒண்ணு அசெம்பிள் பண்ணி வாங்கினேன். ரைசன் 7 7700எக்ஸ், பி650 போர்டு, ஒத்தை டவர் ஏர் கூலர், 750 வாட் பவர் சப்ளை. ரேம் டிடிஆர்5 6000, ரெண்டு பாக்கெட் வாங்கினது, 16 ஜிபி ஸ்டிக் நாலு, மொத்தம் 64 ஜிபி. கடையிலயே பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங்) எக்ஸ்போ, அதாவது ரேமை பாக்கெட்ல போட்ட வேகத்துல ஓட்டற செட்டிங், ஆன் பண்ணிக் கொடுத்தாங்க.

சும்மா இருக்கும்போதே 52, 55 டிகிரி. பிரவுசர் திறந்தா சட்டுனு 68-க்குத் தாவி இறங்குது, கூடவே ஃபேன் உறுமி அடங்குது. எக்ஸ்போர்ட் போட்டா கொஞ்ச நேரத்துல 95-க்குப் போய் அங்கயே நிக்குது. அதே நேரத்துல மதர்போர்டு கம்பெனி ஆப் 83-னு சொல்லுது, ஹெச்டபிள்யூஇன்ஃபோன்ற மானிட்டர் சாஃப்ட்வேர் 95-னு சொல்லுது. எதை நம்பறது?

இதோட ப்ளூ ஸ்கிரீன் வேற. ஒரு நேரம் "மெமரி மேனேஜ்மென்ட்", இன்னொரு நேரம் "ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்". சில சமயம் ஒண்ணுமே வராம நேரா ரீஸ்டார்ட். ஈவென்ட் வியூவர்ல "கெர்னல் பவர் 41" மட்டும் இருக்கு. கடையில கேட்டா வேலூர் வெயிலுக்கு ஏர் கூலர் தாங்காது, பெரிய வாட்டர் கூலர் போடுங்கன்றாங்க. அது நல்ல செலவு. வைகாசி முகூர்த்த வேலை எல்லாம் வரிசையில நிக்குது. செலவு பண்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டுக்கலாம்னு வந்தேன்.

பாலாற்றங்கரை:
முதல்ல கூலரைக் கழட்டி, அடியில பிளாஸ்டிக் ஸ்டிக்கர் அப்படியே இருக்கான்னு பாருங்க நண்பா. சூடு கடத்தற பேஸ்ட்டையும் துடைச்சிட்டுப் புதுசா போடுங்க.

சத்துவாச்சாரி சர்வீஸ்:
கூலரை இப்போ தொட வேணாம் தம்பி. உங்ககிட்ட ரெண்டு பிரச்சனை கீது. சூடு ஒண்ணு, ப்ளூ ஸ்கிரீன் ஒண்ணு. ரெண்டும் ஒரே நேரத்துல வந்ததால ஒண்ணு தான் இன்னொண்ணுக்குக் காரணம்னு எல்லாரும் முடிவு பண்ணிடறாங்க. எங்கிட்ட வர்ற புது மெஷின்ல பாதிக்கு இதே கதை தான். தனித்தனியாப் பாப்போம்.

95-க்கு வர்றேன். ஏஎம்டி கம்பெனி 2022-ல ரைசன் 7000 வரிசையை விடும்போதே சொன்னது தான்: கனமான வேலையில 95 டிகிரி வரைக்கும் போகும், அங்க நிக்கும், அது அந்தச் சிப்புக்கு வகுத்த வரம்பு. சூட்டுக்கு இடம் இருக்கிற வரைக்கும் வேகத்தை ஏத்திக்கினே போகும், வரம்பு வந்ததும் வேகத்தை லேசாக் குறைச்சு அங்கயே பிடிச்சுக்கும். பழைய பிராசஸர்ல 95 பாத்தா பயப்படணும். இதுல 95 பாத்தா, அப்போ எவ்வளவு வேகத்துல ஓடுதுன்னு பாக்கணும். 7700எக்ஸோட அடிப்படை வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். 95-ல நிக்கும்போதும் அதுக்கு மேல ஓடினா கூலர் தன் வேலையைச் செய்யுதுன்னு அர்த்தம். 4.5-க்குக் கீழ சரிஞ்சா மட்டும் கூலர், பேஸ்ட், ஸ்க்ரூ இறுக்கம் எல்லாத்தையும் சந்தேகப்படலாம்.

83-ஆ 95-ஆன்னா ஹெச்டபிள்யூஇன்ஃபோவுல "டிசிடிஎல்/டிடை"னு ஒரு வரி கீது பாருங்க, அதை நம்புங்க. சிப்புக்குள்ள இருக்கிறதுலயே சூடான இடத்தை அது சொல்லுது. பிராசஸர் வேகத்தைக் கூட்டறதும் குறைக்கிறதும் அதை வச்சுத் தான். கீழயே "டை சராசரி"னு இன்னொரு வரி, அது எப்பவும் குறைச்சலாத் தான் இருக்கும். போர்டு கம்பெனி ஆப் எந்த சென்சாரை எடுத்து எப்படிச் சராசரி போடுதுன்றது போர்டுக்குப் போர்டு மாறும். ரெண்டு மானிட்டர் சாஃப்ட்வேரை ஒண்ணா ஓட விடாதீங்க, ஒரே சென்சாரை ரெண்டும் போட்டி போட்டுக்கினு படிச்சா பொய்க் கணக்கு வரும்.

இன்னொண்ணு. யூடியூப்ல "இதே கூலர்ல 80 தான் வருது"ன்னு காட்றாங்களே, அவங்க ரூம் 22 டிகிரி. ரூமை விட 58 அதிகம். உங்க ரூம் கத்திரியில 37 இருந்தா, அதே 58-ஐக் கூட்டிப் பாருங்க, 95. கூலர் மாறல, காத்து தான் மாறிச்சு. நம்ம ஊர்ல சுத்தி பாறை மலை, ராத்திரியும் சூடு இறங்காது. ஏசி இல்லாத ரூம்ல எந்த வாட்டர் கூலரும் ரூம் சூட்டுக்குக் கீழ கொண்டு போகாது.

இதெல்லாம் சொல்லுங்க: ரூம்ல எத்தனை டிகிரி? எக்ஸ்போர்ட் ஓடும்போது வேகம் எவ்வளவு? ப்ளூ ஸ்கிரீன் 95-ல நிக்கும்போது தான் வருதா, சும்மா இருக்கும்போதும் வருதா? பெரிய ஜிப் ஃபைல் பிரிக்கும்போது எப்பவாவது எர்ரர் வந்துதா? கெர்னல் பவர் 41-ஐத் திறந்து டீடெயில்ஸ்ல "பக்செக் கோட்" (ப்ளூ ஸ்கிரீனோட நம்பர்) பக்கத்துல என்ன நம்பர்னும் பாருங்க. 41-ன்றது சரியா ஷட்டவுன் ஆகாம நின்னுபோச்சுன்னு சொல்ற குறிப்பு, காரணம் அதுல இருக்காது.

காட்பாடி எடிட்டர்:
ரொம்ப நன்றிண்ணா, இவ்வளவு விவரமா யாரும் சொல்லல. ரூம் 37. எக்ஸ்போர்ட்ல 5.0 கிகாஹெர்ட்ஸ்ல நிக்குது, கீழ இறங்கல. ப்ளூ ஸ்கிரீன் பாதி நேரம் சும்மா பிரவுசர்ல இருக்கும்போது தான் வருது, அப்போ 55 கூட இல்ல. பக்செக் கோட் ஒண்ணுல 26, ஒண்ணுல 10, ரெண்டு மூணுல 0.

ஜிப் கேட்டீங்க பாருங்க, ஆல்பம் டெம்ப்ளேட் பிரிக்கும்போது "சிஆர்சி எர்ரர்" வந்தது. டவுன்லோட் சரியில்லன்னு நினைச்சேன். திரும்பப் பிரிச்சா வேற ஃபைல்ல எர்ரர் சொல்லுது. ஒரு எக்ஸ்போர்ட்ல தாலி கட்ற இடத்துல ரெண்டு ஃபிரேம் பச்சைக் கட்டமா வந்து போகுது. டைம்லைன்ல பாத்தா சுத்தமா இருக்கு.

ஆரணி டிசைனர்:
தம்பி, 0 வர்றதைப் பத்தி மட்டும் சொல்றேன். நான் பட்டுப் புடவை டிசைன் போடறவ, ஜக்கார்டுக்கு. எங்க ஊர்ல கரண்ட் போய்ப் போய் வரும். மெஷின் வீட்டு இன்வெர்ட்டர் லைன்ல இருந்தா, பின்னாடி "இகோ", "யூபிஎஸ்"னு ஒரு சுவிட்ச் இருக்கும் பாருங்க. இகோவுல இருந்தா லைன் மாறும்போது கொஞ்சம் இழுக்கும், ஃபேனும் லைட்டும் தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது. ப்ளூ ஸ்கிரீன் இல்லாம நேரா ரீஸ்டார்ட் ஆனா பக்செக் 0 வரும். கரண்ட் போன நேரத்தோட பொருத்திப் பாருங்க.

சத்துவாச்சாரி சர்வீஸ்:
அம்மா சொன்னது ரொம்பச் சரி, 0-ஐ அப்படித் தான் பாக்கணும். மிச்சம் ரேம். 26 தான் மெமரி மேனேஜ்மென்ட், 10 தான் ஐஆர்க்யூஎல். எர்ரர் ஒவ்வொரு தரமும் வேற வேற, ஜிப்புல சிஆர்சி, எர்ரர் இடம் மாறுது. சிஆர்சின்றது ஃபைல் சரியாப் பிரிஞ்சுதான்னு பாக்கற கணக்கு, பிரிக்கும்போது ரேம்ல ஒரு பிட் புரண்டாலே அது ஒத்துப்போகாது. சூட்டுல பிராசஸர் வேகத்தைக் குறைக்கும், எல்லை மீறினா ஒரேடியா ஆஃப் ஆகும். 55 டிகிரியில ஜிப்பைக் கெடுக்காது.

இதை முதல்ல செய்யுங்க தம்பி: இந்த மெஷின்ல காப்பி பண்ண எந்தக் கல்யாணத்தோட கேமரா மெமரி கார்டையும் ஃபார்மேட் பண்ணாதீங்க. ரேம் தப்பா இருந்தா ஃபைல் சத்தமில்லாமக் கெடும். காப்பி முடிஞ்சுதுன்னு தான் காட்டும். முகூர்த்தம் திரும்ப நடக்காது.

அப்புறம் யூஎஸ்பியில ரேமைச் சோதிக்கற மெம்டெஸ்ட்86 போட்டு நாலு சுத்தும் ஓட விடுங்க. இலவசப் பதிப்பே நாலு சுத்து ஓடும். ராத்திரி விட்டுட்டுத் தூங்குங்க. ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் ஃபெயில் தான், "ஒண்ணு தானே"ன்னு விட முடியாது. எர்ரர் வந்தா ரெண்டு ஸ்டிக்கைக் கழட்டிடுங்க. மிச்ச ரெண்டையும் பிராசஸர்ல இருந்து எண்ணினா ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போடுங்க. அதுலயும் ஓட்டுங்க, கழட்டின ஜோடியையும் தனியா ஓட்டுங்க. பவர் சப்ளை சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுத் தான் கை வைக்கணும்.

ரேம் மாத்தினதும் ஸ்கிரீன் ரொம்ப நேரம் கருப்பாவே இருக்கும். டிடிஆர்5-ல போர்டு ஒவ்வொரு ஸ்டிக்கோடயும் பேசிப் பாத்து டைமிங் பிடிக்கணும், பல நிமிஷம் எடுக்கும். செத்துப்போச்சுன்னு நடுவுல பட்டனை அமுக்காதீங்க.

பாலாற்றங்கரை:
அண்ணா, பாக்கெட்லயே 6000-னு தானே போட்டிருக்கு? அப்புறம் ஏன் ஓடாது? டிடிஆர்5-ல உள்ளயே எர்ரர் திருத்தற ஈசிசி இருக்குன்னும் சொல்றாங்களே?

சத்துவாச்சாரி சர்வீஸ்:
அந்த ஈசிசி ரேம் சிப்புக்குள்ள நடக்கற தப்பை மட்டும் திருத்தும். சிப்புல இருந்து பிராசஸருக்கு வர்ற வழியில கெட்டா அதுக்குத் தெரியாது.

பாக்கெட்ல போட்டது அந்த ஒரு பாக்கெட்டுக்கு, அதாவது ரெண்டு ஸ்டிக்குக்கு. ரைசன் 7000-க்கு ஏஎம்டி உறுதி சொல்றது ரெண்டு ஸ்டிக்னா 5200, நாலு ஸ்டிக்னா 3600 தான். எக்ஸ்போன்றதே ஓவர்கிளாக், அந்த உறுதிக்கு மேல வேகமா ஓட்டறது. ரெண்டு ஸ்டிக்ல 6000 பெரும்பாலும் ஓடிடும். நாலு போட்டா பிராசஸருக்குள்ள இருக்கிற மெமரி கன்ட்ரோலருக்கு பாரம் கூடிடுது, அந்த வேகத்துல சிக்னல் சுத்தமா நிக்காது. நாலு ஸ்டிக்கும் நல்ல ஸ்டிக்காவே இருக்கலாம், ஒண்ணாச் சேந்து தான் தடுமாறும். அதனால ரேம் கம்பெனியையும் குத்தம் சொல்ல முடியாது.

காட்பாடி எடிட்டர்:
அண்ணா, அப்படியே சொன்ன மாதிரி தான். நாலு ஸ்டிக், 6000: முதல் சுத்து முடியறதுக்குள்ளயே சிவப்பு வரியா வந்து கொட்டுது. ரெண்டு ஸ்டிக்கா போட்டா இந்த ஜோடியும் சுத்தம், அந்த ஜோடியும் சுத்தம், நாலு சுத்தும் பாஸ். நாலையும் திரும்பப் போட்டு எக்ஸ்போவை எடுத்துட்டு 3600-ல ஓட்டினேன், அதுவும் பாஸ். அதே ஜிப் இப்போ எர்ரர் இல்லாமப் பிரியுது.

அக்கா, உங்க இன்வெர்ட்டர் விஷயமும் உண்மை தான். 0 வந்த நேரம் எல்லாம் எங்க தெருவுல கரண்ட் போன நேரம். சுவிட்ச் இகோவுல தான் இருந்தது, யூபிஎஸ்ஸுக்கு மாத்திட்டேன்.

இப்போ 3600-லயே விட்டுடவா, இல்ல வேற வழி இருக்கா? எனக்கு 64 ஜிபி தேவை.

சத்துவாச்சாரி சர்வீஸ்:
அவசர வேலையை 3600-ல முடிங்க, எடிட்டிங்ல இடம் போதாம நிக்கறதை விட வேகம் குறைஞ்ச ரேம் எவ்வளவோ மேல். நிதானமா கடையில பேசி நாலு 16-ஐக் கொடுத்துட்டு ரெண்டு 32 உள்ள ஒரே பாக்கெட்டா மாத்திக்குங்க. மெம்டெஸ்ட் ரிசல்ட்டை ஃபோட்டோ எடுத்துக்கினு போனா பேச்சு சுலபமா முடியும். வாட்டர் கூலருக்கு வச்ச பணத்துல கொஞ்சம் இதுக்கே போதும்.

மாத்தினப்புறம் எக்ஸ்போ போடறதுக்கு முன்னாடி பயாஸைப் புதுசாக்குங்க. எக்ஸ்போ போட்டா எஸ்ஓசி வோல்டேஜ், அதாவது பிராசஸருக்குள்ள மெமரி கன்ட்ரோலர் இருக்கிற பகுதிக்குப் போற வோல்டேஜ், ஏறும். 2023-ல சில 7000 எக்ஸ்3டி பிராசஸர் கருகினப்புறம் ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்கு மேல போகாமக் கட்டினாங்க. அந்தக் கட்டு புது பயாஸ்ல தான் இருக்கும்.

சூடு மனசை உறுத்தினா பயாஸ்ல "65 வாட்"னு பேர் போட்ட இகோ மோட் வச்சுப் பாருங்க, இன்வெர்ட்டர் இகோ இல்ல, இது பிராசஸருக்கு. பிராசஸர் இழுக்கற அதிகபட்ச பவர் 142 வாட்ல இருந்து 88-க்கு இறங்கும். எக்ஸ்போர்ட் நேரத்துல பெரிய வித்தியாசம் தெரியாது. பிரவுசர் திறந்ததும் ஃபேன் உறுமறதுக்கு, ஃபேன் செட்டிங்ல "ஸ்டெப் அப் டைம்"னு இருக்கும், சில நொடி தள்ளி வைங்க. 68-க்குத் தாவறது ஒரு கணம் தான், அதுக்கு ஃபேன் ஓட வேண்டியதில்ல.

காட்பாடி எடிட்டர்:
இகோ மோட் வச்சாச்சு. அதே 37 டிகிரி ரூம்ல எக்ஸ்போர்ட் 74, 75-ல நிக்குது. ஃபேன் சத்தமும் அடங்கிடுச்சு. அண்ணா, கடைசியா ஒண்ணு. இதுக்கு முன்னாடி இந்த மெஷின்ல காப்பி பண்ண ஃபுட்டேஜ் எல்லாம் நல்லா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? கார்டு ஒண்ணும் அழிக்கல.

சத்துவாச்சாரி சர்வீஸ்:
அழிக்காம வச்சிருந்தீங்களே, அது போதும் தம்பி. இப்போ இருக்கிற 3600-லயே கார்டை ஹார்டு டிஸ்க்ல புது ஃபோல்டருக்குத் திரும்பக் காப்பி பண்ணுங்க. செக்சம் (ஃபைல் அச்சு அசலா இருக்கான்னு சொல்ற கணக்கு) பாக்கற சாஃப்ட்வேர்ல கார்டையும் புது ஃபோல்டரையும் முதல்ல ஒப்பிடுங்க, அப்புறம் பழைய ஃபோல்டரை ஒப்பிடுங்க. ஒத்துப்போகாத கிளிப் எதுவோ அதை மட்டும் பழசுல இருந்து தூக்கிட்டுப் புதுசை வைங்க. டைம்லைன் அப்படியே இருக்கும். பச்சைக் கட்டம் வந்த எக்ஸ்போர்ட்டைத் திரும்பப் போடுங்க. ஆல்ரெடி கொடுத்த பென்டிரைவ் ஏதாவது இருந்தா அந்த வீட்டுக்காரங்க கேக்கறதுக்கு முன்னாடியே முழுசா ஒருக்கா ஓட்டிப் பாத்துடுங்க.