மறு: ‘நான்-தீயிசம்’ (non-theism) – நாத்திகம் என்று எழுதலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

> ஸ்பாங் பற்றிய தமிழ்க் கட்டுரையில் ‘நான்-தீயிசம்’ வரும் இடமெல்லாம் ‘நாத்திகம்’ அல்லது ‘இறைமறுப்பு’ என்று போட்டுவிடலாமே. இருக்கிற சொல் இருக்க, புதிது எதற்கு?

போடக்கூடாது. ஜான் ஷெல்பி ஸ்பாங் (1931–2021) ஆங்கிலிக்க மரபைச் சேர்ந்த அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபையின் நியூவர்க் திருமண்டலத்தை 1979 முதல் 2000 வரை பேராயராக (பிஷப்) வழிநடத்தியவர். கடவுள் இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. இறைமறுப்பு என்று எழுதினால் அவர் மறுக்காததை மறுத்ததாக ஆகிவிடும். நாத்திகம் என்றாலோ தமிழ்நாட்டு வாசகர் நேரே பெரியாரிடம் போய்விடுவார்.

ஆத்திகமும் ‘தீயிசம்’ (theism, கடவுள் உண்டு என்னும் கொள்கை) ஆகாது. வேதத்தை ஏற்பதே ஆத்திகத்தின் பழைய இலக்கணம். அதனால்தான் படைப்புக் கடவுளை வேண்டாத மீமாம்சையும் சாங்கியமும் ஆத்திகத் தரிசனங்களில் (தத்துவ மரபுகளில்) எண்ணப்படுகின்றன. ‘நான்-தீயிச’த்துக்கு ‘ஆத்திகங்கடந்த’ என்று வைக்கலாம் என்ற முன்மொழிவும் இங்கேயே அடிபடுகிறது.

கட்டுரையின் பெரும்பகுதிக்கு இந்தச் சொல்லே தேவைப்படாது. 1989 டிசம்பரில், தன்பால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்திருந்த ஒருவருக்கு அவர் குருப்பட்டம் கொடுத்ததையும், அதனால் எழுந்த புயலையும் வழக்கமான சொற்களிலேயே எழுதிவிடலாம். சிக்கல் 1998-இல் அவர் வெளியிட்ட பன்னிரண்டு கருத்துரைகளில்தான். முதலாவதே, கடவுளை வரையறுக்கும் வழியாகத் ‘தீயிசம்’ செத்துவிட்டது, கடவுளைப் பற்றிப் பேசப் புது வழி காண வேண்டும் என்கிறது.

அவர் ‘தீயிசம்’ என்பதில் மூன்று கூறுகள் உண்டு: இயற்கையை மிஞ்சிய ஆற்றலுள்ள ஒருவர், அவர் உலகுக்கு வெளியே இருக்கிறார், அவ்வப்போது உள்ளே வந்து தலையிடுகிறார். இந்தப் படத்தைத்தான் ஸ்பாங் தள்ளுகிறார். என் பரிந்துரை:

புற இறைக் கொள்கை – தீயிசம் (ஸ்பாங் பொருளில்)
புற இறை மறுப்பு – நான்-தீயிசம்

‘புற’ என்பதற்கு வேர் இருக்கிறது. ஸ்பாங் தம் வழிகாட்டியாகக் கொண்டவர் உல்விச் பேராயர் ஜான் ராபின்சன். 1963 மார்ச்சில் வந்து பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற ‘ஹானஸ்ட் டு காட்’ நூலில் அவர் வைத்த வாதம் இதுதான்: ‘மேலே’ இருந்த கடவுளை நாம் ‘வெளியே’ நகர்த்தியிருக்கிறோம், அவ்வளவே; அந்த ‘வெளியே’யையும் விட்டாக வேண்டும்.

சொல்லைப் பத்தாவது கருத்துரையில் வைத்துப் பாருங்கள்:

அ) வரலாற்றில் இன்ன விதமாகச் செயல்படும்படி கடவுளிடம் கேட்பதாக ஜெபம் இருக்க முடியாது.
ஆ) வரலாற்றில் இன்ன விதமாகச் செயல்படும்படி புற இறையிடம் கேட்பதாக ஜெபம் இருக்க முடியாது.

(அ)வைப் படிப்பவர், ஸ்பாங் கடவுளை நோக்கிய மன்றாட்டையே ஒழித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வார். எந்தக் கடவுட்படத்தின்மேல் நிற்கும் ஜெபத்தை அவர் விடச் சொல்கிறார் என்பது (ஆ)வில்தான் தெரிகிறது.

எழுத்தில் ஒரு எச்சரிக்கை: புணர்த்திப் ‘புறவிறை’ என்று எழுதாதீர்கள். ‘புறவு + இறை’ என்றும் பிரியும். புறவு என்றால் புறா. பரிசுத்த ஆவி புறாவாக இறங்கும் கிறிஸ்தவத்தில் அந்தக் குழப்பம் வேண்டவே வேண்டாம்.

---

ஐயா, வணக்கம்.

> புற இறைக் கொள்கை – தீயிசம்

இரண்டு மறுப்புகள். ஒன்று, உலகைப் படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட ‘டீயிச’க் (deism) கடவுளும் உலகுக்கு வெளியேதான் இருக்கிறார்; தலையிடுவதில்லை, அவ்வளவுதான். இரண்டாவது கனமானது. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் மரபில் கடவுள் மற்ற பொருள்களோடு சேர்த்து எண்ணத்தக்க ஒரு பொருளே அல்லர். அந்த மரபினர் ‘நாங்கள் சொல்வது இந்தப் படம் இல்லையே’ என்பார்கள். அப்போது வேல்ஸில் மன்மத் (Monmouth) பேராயராக இருந்த ரோவன் வில்லியம்ஸும் ஸ்பாங்கின் கருத்துரைகளைக் குழப்பம் மலிந்தவை என்றே விமர்சித்தார். கலைச்சொல்லே ஸ்பாங் பக்கம் சாய்ந்துவிட்டால் எதிர்த்தரப்புக்குச் சொல் இல்லாமல் போகும்.

---

அம்மா, இரண்டாவது மறுப்பு முழுக்கச் சரி. எனவே பொதுவான தீயிசத்துக்குக் ‘கடவுட்கொள்கை’யே நிற்கட்டும். ‘புற இறைக் கொள்கை’ ஸ்பாங்கின் வரையறையைச் சொல்லும் இடத்துக்கு மட்டும். முதல்முறை வரும்போது மூன்று கூறுகளையும் ஒரே வாக்கியத்தில் விளக்கிவிட வேண்டும். வில்லியம்ஸின் மறுப்பை எழுதும்போது, ‘ஸ்பாங் கடவுட்கொள்கையைப் புற இறைக் கொள்கையாகச் சுருக்கிவிட்டார்’ என்று ஒரே வரியில் வைக்க முடிகிறது. இரண்டு சொற்கள் இருப்பதால்தான் அது முடிகிறது.

டீயிசத்துக்குத் ‘தலையிடா இறைக் கொள்கை’ என்று வைத்தால் மோதல் தீரும்.

பதவிப் பெயர்களையும் இப்போதே முடிவு செய்யலாம். ‘ஆயர்’ என்றால் கத்தோலிக்கருக்குப் பிஷப், தென்னிந்தியத் திருச்சபையில் சபைக் குரு. ‘பேராயர்’ என்றால் தென்னிந்தியத் திருச்சபையில் பிஷப், கத்தோலிக்கருக்கு ஆர்ச்பிஷப். ஸ்பாங் ஆங்கிலிக்க மரபினர் என்பதால் ‘பேராயர்’. பக்கத்திலேயே ‘மறைமாவட்டம்’ என்று போடாமல் ‘திருமண்டலம்’ என்று போட்டால் கத்தோலிக்க வாசகருக்கும் இடம் புரிந்துவிடும். 1976-இல் அவர் ஏற்றது ‘கோஅட்ஜுட்டர்’ பதவி. முன்னவர் விலகியதும் தானாகவே திருமண்டலம் கைக்கு வரும். ராபின்சன் வகித்த ‘சஃப்ரகன்’ பதவிக்கு அந்த உரிமை கிடையாது. ஆகவே சஃப்ரகன் ‘துணைப் பேராயர்’, கோஅட்ஜுட்டர் ‘பின்னுரிமைப் பேராயர்’. ‘வாரிசு’ வேண்டாம், குடும்பச் சொத்துபோல ஒலிக்கிறது, இங்கே நடப்பதோ தேர்தல்.