புதுப்பிப்பு: கம்ப்யூட்டர் கேபினெட்டில் பதித்த மானிட்டருக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) மின்சாரம் – வேலை செய்கிறது

தனி அடாப்டர் இல்லாமல் மானிட்டரை ஓட்ட முடியுமா என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மோலெக்ஸ் (நான்கு வயர் பவர் கனெக்டர்) வழியாக எடுக்கும் யோசனைதான் கைகொடுத்தது.

மானிட்டரின் தேவை 12 வோல்ட், 3 ஆம்பியர். மோலெக்ஸில் மஞ்சள் வயர் 12 வோல்ட், பக்கத்துக் கறுப்பு கிரவுண்ட். சிவப்பு 5 வோல்ட், அது வேண்டாம். மஞ்சளில் 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, நடுமுனை பிளஸ் வரும்படி, மானிட்டரில் செருகும் பின்னை சால்டர் செய்தேன். செருகும் முன் மல்டிமீட்டரில் கட்டாயம் பாருங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் போர்டு போய்விடும்.

எதிர்பாராத ஒன்று: கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போனால் மானிட்டரும் முழுசாக அணைகிறது. அப்போது எஸ்எம்பிஎஸ்ஸில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மட்டுமே இருக்கும், 12 வோல்ட் நின்றுவிடும். கம்ப்யூட்டரும் மானிட்டரும் ஒன்றாக எழுவதால், தொடக்கத்தில் வரும் பயாஸ் (செட்டிங்ஸுக்குள் போக வழிகாட்டும்) திரையும் தெரிவதற்குள் ஓடிவிட்டது; போஸ்ட் டிலேயை (அந்தத் திரை நிற்கும் நேரம்) கூட்டியதும் சரியாயிற்று.

19 வோல்ட் மானிட்டருக்கு இது நேரடியாக ஒத்துவராது, நடுவில் வோல்ட்டை ஏற்றித் தரும் பூஸ்ட் கன்வர்ட்டர் வேண்டும்.